கூப்பிட்டால் எடுக்கிற வீடுகள்

சலவைக் கடைக்காரம்மா வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவள் கடையில் இஸ்திரி போட்ட பெண்ணோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியில் வளர்ந்தவள். பதினெட்டு வயது முடிந்ததும் ஒரு பெட்டியோடு வெளியே அனுப்பப்பட்டவள். அந்தப் பெண் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று அவளுடைய அறைக்குப் போன கடைக்காரம்மா ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு அனலாய்க் கொதிக்க, பெண் தரையில் சுருண்டு கிடந்தாள்.

"ஒரு போன் பண்ணக்கூடாதாடி?"

"உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட சொல்லணும்னு தெரியலக்கா."

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த வார்த்தை கடைக்காரம்மா நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பெண் தேறியதும் நேரே விடுதிக்குப் போய் விசாரித்தாள். அந்த ஆண்டு இன்னும் நாலு பேர் வெளியேறப் போகிறார்கள், அதற்கப்புறம் தன் கையில் ஒன்றுமில்லை என்றார் காப்பாளர்.

பிறகு அவள் கண்ணில் பட்ட யாரும் தப்பவில்லை. விடுதியிலிருந்து வெளியேறுகிற பிள்ளை கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒருவேளைச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெற்ற மகளே தன் பேச்சைக் கேட்பதில்லை என்று நழுவப் பார்த்தார் முடிதிருத்துபவர். பேசப்போவது பிள்ளைகள், அவர் காதைக் கொடுத்தால் போதும் என்று மடக்கினாள். ஓய்வுபெற்ற நர்ஸ் தானாகவே வந்தார். பஸ் டிரைவர் மனைவியைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். எலக்ட்ரீஷியனான கொழுந்தனை மட்டும் அவள் கேட்கவே இல்லை. சேர்த்தாயிற்று என்று தகவல் சொன்னாள்.

கொழுந்தனிடம் விட்ட பையன்தான் எல்லோரையும் கதிகலங்க வைத்தான். அவரோடு எடுபிடியாக வேலைக்குப் போன ஒரு வீட்டில் விலையுயர்ந்த விளக்கைக் கை தவறிப் போட்டு உடைத்தான். கொழுந்தன் கண்டபடி ஏசினார். மறுநாள் பையனைக் காணோம், போனும் அணைந்து கிடந்தது. நர்ஸ் ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க, டிரைவர் தன் சகாக்களிடம் சொல்லி வைக்க, மத்தியானத்துக்குள் தகவல் வந்தது. கடைக்காரம்மாவும் கொழுந்தனும் ஓடினார்கள். பஸ் நிலையத்து பெஞ்சில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான்.

"திட்டிட்டீங்களே. அப்ப நான் போகணும்தானே?" என்றான்.

கொழுந்தன் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "திட்டுனேன். போன்னு சொன்னேனா? எங்க வீட்டுல என்னைத் தெனமும் திட்டுறாங்க. நான் பைய தூக்கிட்டா வந்துட்டேன்?"

தினமும் திட்டுகிறவர்களில் ஒருத்தி பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்துப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் மறுபடி ஏணியைப் பிடித்தான்.

இன்று கூப்பிட்டால் எடுக்கிற வீடுகள் இருபதைத் தாண்டிவிட்டன. போன மாதம் அந்தப் பையன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஓர் அறைக்குக் குடிபோனான். நர்ஸ் ஜன்னலைத் திறந்து பார்த்தார். அடுப்பை எங்கே வைப்பது என்று முடிதிருத்துபவரும் டிரைவரின் மனைவியும் மல்லுக்கு நின்றார்கள். கடைக்காரம்மா சுவரைத் தட்டித் தட்டி ஈரம் பார்த்தாள். வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்து வீட்டுக்காரர் திகைத்துப் போய்ப் பையனை ஓரமாக அழைத்தார்.

"தனி ஆளுன்னுதானேப்பா சொன்ன?"