கேட்டில் ஒட்டிய ஏல அறிவிப்பு

மலேசியாவில், உலு திராமில் இருந்த என் வீட்டில் ஒரு பள்ளி பஸ் ஓட்டுநரும் அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வாடகைக்கு இருந்தார்கள். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்த்தபோது வங்கிக் கடனில் வாங்கிய வீடு அது. எல்லை தாண்டிப் போய்வரச் சுலபம் என்று நான் ஜோகூர் பாருவில் ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

ஒரு நாள் அந்த வேலை போய்விட்டது. அவர்கள் வாடகை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அதை வங்கியில் கட்டியிருக்க வேண்டும். நான் சாப்பாட்டுக்கும் காருக்கும் செலவழித்தேன்.

வங்கிக் கடிதங்கள் என் அறைக்குத்தான் வரும். முதல் இரண்டைப் பிரித்துப் படித்தேன். பிறகு வந்தவற்றை அலமாரி மேல் போட்டுவிட்டேன். ஏலத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்ட கடிதத்தை மட்டும் பிரித்துப் படித்த அதே வாரம், ஓட்டுநரின் மனைவி போன் செய்தாள். காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்பவள்.

"அக்கா, மழை அடிச்சா பின்னால அடுப்புப் பக்கமெல்லாம் நனையுது. எங்க செலவுலயே ஒரு கூரை போட்டுக்கலாமா? உங்கள கேட்டுட்டுப் போடுன்னு அவரு சொன்னாரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள், அந்த வாடகையும் நின்றுவிடும் என்ற கணக்குதான் மனதில் ஓடியது.

"போட்டுக்கம்மா, அதுக்கென்ன" என்றேன்.

கூரை போட்டுப் படம்கூட அனுப்பினாள். கொஞ்ச நாளில் மறுபடியும் போன்.

"அக்கா, கேட்டுல பேப்பர் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. வீடு லெலோங்குல ஏலம் போவுதாம். அட்ரஸ் மாத்தி ஒட்டிட்டாங்க போல. நீங்க பேங்குல ஒரு வார்த்த கேளுங்களேன்."

வங்கியைச் சந்தேகப்பட்டாளே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை.

"மாத்தி ஒட்டலம்மா. நம்ம வீடுதான்."

"எப்பலருந்து தெரியும்க்கா?" என்று கேட்டாள்.

"நீ கூரை போடக் கேட்டப்பவே."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நேரில் போனேன். அவள் கணவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்களுக்கு என்ன உரிமை இருக்குன்னு தெரியணும். வக்கீல் கிட்ட நீங்களும் வாங்க" என்றார்.

இலவசச் சட்ட உதவி தரும் இடத்துக்கு மூவரும் போனோம். அங்கிருந்த இளம் மலாய் வழக்கறிஞர் வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, வாடகைக்கு விட வங்கியிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று என்னைக் கேட்டார். அப்படியொன்று வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அப்படியானால் வீட்டை ஏலத்தில் எடுப்பவரை இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாமல் போகலாம் என்றார். ஆனாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் உங்கள் சாமான்களைத் தூக்கி வெளியே போட முடியாது, பூட்டையும் மாற்ற முடியாது, வாங்குபவரிடம் அவகாசம் கேளுங்கள் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டியது நான் என்பதையும் சொன்னார்.

ஏலத்தில் வீட்டை எடுத்த சீனப் பெரியவரிடம் அவளே போய்ப் பேசினாள். பள்ளி விடுமுறை வரை இருக்கச் சம்மதித்தார். பிறகு கோத்தா திங்கிப் பக்கம் குடிபோனார்கள். ஓட்டுநருக்குப் பழைய பஸ் வழி போனது, பிள்ளைகளுக்குப் பள்ளி மாறியது. முன்பணத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தேன். அதோடு தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

போன தைப்பூசத்தன்று கோயிலில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அதற்குள் அவளே கிட்டே வந்துவிட்டாள்.

"இப்ப எங்கக்கா இருக்கீங்க?"

"வாடகை வீடும்மா."

"வீட்டுக்காரங்க பேங்குல ஒழுங்கா கட்றாங்களான்னு கேட்டீங்களா? கேட்டுக்கங்கக்கா."

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள்.