பிரேக் மட்டும் பார்ப்பவர்

டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தது. மாரிசாமி டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சொட்டு கரையவில்லை. செம்மண் நிறத்தில், தட்டையாக, தண்ணீரின் மேல் படர்ந்து நின்றது.

"பிரேக் ஒயிலுன்னா தண்ணியோட கலந்துரும் சேர். இது மெதக்குது."

"நான் ஒண்டும் ஊத்தல்ல" என்றார் மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர் ஹுமைத்.

மாரிசாமி டம்ளரை இருவருக்கும் நடுவே பெஞ்சில் வைத்துவிட்டு அடுத்த நட்டைக் கழற்றப் போனார்.

மலையகத்தில், பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் சாலையில், ஒரு வளைவை ஒட்டி அவருடைய தகரக் கொட்டில். பெயர்ப் பலகை கிடையாது. எஞ்சினைத் தொடமாட்டார். செயின், கார்பரேட்டர், விளக்கு, எதுவும் கிடையாது. பிரேக் மட்டும். ஏன் என்று கேட்டால், "ஓட வைக்க பசறையில பதினாறு பேரு இருக்கான். நிப்பாட்ட ஒரு ஆளாவது வேணாமா?" என்பார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலையில் பஸ்ஸில் வருவார். வந்த வண்டிகளை ஹேண்டிலைப் பிடித்து, மாட்டை நடத்துவதுபோல உள்ளே நடத்திக்கொண்டு போவார்.

ஹுமைத் பசறையில் கணக்கு ஆசிரியர். வீடு லுணுகலையில். 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு போட்ட ஜப்பான் வண்டி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். ஒரு மாதத்துக்கு முன் இறக்கத்தில் அந்தச் சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டது. பின்னால் இருந்த மனைவி ஸவாஹிரா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளும் அதே பாடசாலையில்தான் படிப்பிக்கிறாள். வண்டி கிழடாகிவிட்டது, அதனால்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தார். இப்போது அவள் மாவுக்கட்டோடு பஸ்ஸில் போகிறாள். நல்ல கையால் கம்பியைப் பிடித்து, பெரும்பாலும் நின்றபடி. "கிழடென்டா வித்துப் போடுங்க. நான் இனி அதில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

மாரிசாமி ஹேண்டிலில் பிரேக் ஒயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து உள்ளேயிருந்த ரப்பரை எடுத்தார். உதிரிகள் போட்டிருந்த பால்மா டின்னைக் கிளறி அதே அளவில் புதியது ஒன்றைத் தேடிப் பிடித்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பழையது ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பியிருந்தது.

"பிடிச்ச ஒயிலு திரும்பிப் போறதுக்கு உள்ள ஊசிமுனை ஓட்டை ஒன்னு இருக்கு சேர். இந்தக் குண்டன் அது மேல குந்திக்கிட்டான். நீங்க கைய விட்டாலும் அவன் விடமாட்டான்."

ஹுமைத் சிரித்தார். மாரிசாமி சிரிக்கவில்லை.

"என்ன ஊத்துனீங்கன்னு சொன்னா, எதையெல்லாம் கழுவணும்னு எனக்குத் தெரியும்."

ஹுமைத் சாலையைப் பார்த்தார். ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"மச்சான்ட வேன்ல கெடந்த ஸ்டியரிங் ஒயில். பிரேக் ஒயில் குறைஞ்சி இருந்திச்சி, அத ஊத்தினேன்."

"சரி."

"இத வீட்டுல அவக்குச் சொல்ல வாணாம்."

"எனக்கு பிரேக் மட்டுந்தான் சேர். மத்ததெல்லாம் நீங்க பாத்துக்குங்க."

பிறகு மாரிசாமி அந்த ஒயில் பட்ட ரப்பர்களை ஒன்று விடாமல் கழற்றினார். குழாயை மாற்றினார். கேபிள் கம்பியிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து, அந்த ஊசிமுனை ஓட்டைக்குள் விட்டு எடுத்தார். ஸ்பிரிட்டில் கழுவினார், வாயால் ஊதினார், மீண்டும் கழுவினார். புதிய ரப்பர்களைப் பூட்டி, புதிய ஒயில் ஊற்றி, லீவரை அமுக்கி, கீழே திருகைத் தளர்த்தி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். இருபது தடவைக்குப் பிறகு குமிழ் வரவில்லை. ஹுமைத் ஹெல்மெட்டை எடுத்தார்.

மாரிசாமி டியூப் ரப்பர் துண்டு ஒன்றை எடுத்து, லீவரை ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டினார்.

"நாளைக்கு வாங்க. மிச்சக் காத்து ராவுல மேல ஏறி வந்துரும்."

"இப்பவே நல்லா பிடிக்குதே!"

"பிடிக்கும். காத்தும் கொஞ்ச நேரம் பிடிக்கும்."

அன்று திறந்த பிரேக்கை அன்றே கொடுப்பது அவரிடம் கிடையாது. போன வருடம் தோட்டத்து மேனேஜர் தொரையையே பஸ்ஸில் அனுப்பியவர். ஹுமைத் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பதே காலுக்கு ஹுமைத் வந்து இறங்கினார். ஸவாஹிராவும் கூட வந்திருந்தாள், விற்பதா வைப்பதா என்று பார்க்க.

"அண்ணன், வண்டிக்கு என்ன நடந்த?" என்று மாரிசாமியிடம் கேட்டாள்.

"சேர் சொல்லுவாருங்க டீச்சர்" என்றார் மாரிசாமி, டியூப் கட்டை அவிழ்த்தபடி.

ஹுமைத் ஸ்டியரிங் ஒயில் ஊற்றியதைச் சொன்னார். டம்ளர் பெஞ்சிலேயே இருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

"பிள்ளைகள் கணக்குப் பிழைச்சா முழங்கால்ல நிக்க வெக்கிற. உங்கள என்ன செய்ற?"

ஹுமைத் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

கொட்டிலுக்குப் பின்னால் தோட்டத்து ரோட்டு இறக்கம் ஒன்று சமதரையில் வந்து முடிகிறது. மாரிசாமி அங்கே போய் நடுரோட்டில் நின்றார். ஓட்டத் தெரியாத அவருடைய சோதனை எப்போதும் இதுதான். ஹுமைத் மேலேயிருந்து வண்டியில் வந்தார். மாரிசாமி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வண்டி பத்தடி தள்ளி நின்றது. "இன்னொருக்கா" என்றார், திரும்பாமல். இரண்டாவது முறை ஐந்தடி. மூன்றாவது முறை டயரின் சூடு அவர் கெண்டைக்காலில் பட்டது.

"கைய விடுங்க. நியூட்ரல்ல போட்டு இறங்குங்க சேர்." பிறகு ஸவாஹிராவைக் கூப்பிட்டார். "டீச்சர், கட்டுப் போட்ட கையால தள்ளுங்க."

மாவுக்கட்டிலிருந்து நீண்டிருந்த விரலை அவள் ஹெட்லைட் மேல் வைத்தாள். முன்சக்கரம் எங்கும் பிடிக்காமல் வண்டி பின்னால் உருண்டது.

பத்து மணிக்கு இருவரும் அதில் ஏறி லுணுகலைக்குப் போனார்கள். மாரிசாமி பெஞ்சிலிருந்த டம்ளரை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.