புரியலப்பா

லைப்சிக் நகரத்து டிராமில், ஊரிலிருக்கும் அப்பாவோடு ஃபோனில் பேசிக்கொண்டே ஒத்திகைக்குப் போவது என் வழக்கமாக இருந்தது. பேசுவது நான். அவர் கைபேசியை நகத்தால் தட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெண்மணி, “ஃபோன் கெட்டுவிட்டதா?” என்று கேட்டார். அப்பாவுக்குக் குரல் போய்விட்டது என்று சொல்ல நினைத்து, என் அரைகுறை ஜெர்மனில் அப்பாவே போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். திருத்திச் சொல்வதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. சிகரெட்டை விட்டுப் பல வருஷம் கழித்துத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள், கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பள்ளி பேண்டுக்காக நான் கிளாரினெட் கற்றேன். நைட் ஷிப்ட் முடிந்து அவர் பகலில் தூங்குவார். எழுப்பிவிடக் கூடாதென்று, சுரம் எழும்பாமல் குழாய்க்குள் மூச்சை மட்டும் விட்டு விரல்களைப் பழக்குவேன். அதுவே என் பிழைப்பாகிவிட்டது. கிளாரினெட்டுக்குள் சிறு மைக்கைச் செருகி, மூச்சையும் விரலால் அழுத்தும் சாவிகளின் சத்தத்தையும் மின்கருவிகளால் பெருக்கி, உருமாற்றி, மேடையில் தனியாக நின்று வாசிக்கிறேன். மெட்டும் தாளமும் இருக்காது. “இதுக்கெல்லாமா டிக்கெட் வாங்கிகினு வராங்க?” என்று குரல் இருந்தபோது அப்பா சிரித்ததுண்டு.

இரண்டு வாரத்துக்கு ஊருக்குப் போனேன். நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. தொண்டையில் அழுத்திப் பேசுவதற்காகக் கொடுத்த கருவி ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவிலேயே கிடந்தது. “டீக்கடையில பேசிப் பாத்தாராம். எவனோ ரோபோன்னு சிரிச்சிட்டானாம். அன்னியிலேர்ந்து தொடவே மாட்றாரு. சொவத்தப் பாத்துகினு குந்திகினு இருக்காரு,” என்றாள் அம்மா. கெஞ்சினேன். சண்டை போட்டேன். “ஒரே ஒரு வார்த்தைப்பா. எதாவது சொல்லுங்க.” முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளம்பும் நாளும் வந்துவிட்டது. காலையில், வேறு வழி தெரியாமல், கருவிகளைக் கூடத்தில் பரப்பி அவர் முன்னால் நின்று வாசித்தேன். என் மூச்சு இயந்திரம்போல உறுமியது, இரைந்தது, விக்கியது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “இன்னாங்க, மோட்டார் எதுனா ரிப்பேரா?” என்றார். “பொண்ணு வாசிக்குதுங்க,” என்று அம்மா கூசிப்போய்ச் சொன்னாள்.

அப்பா எழுந்தார். டப்பாவைத் திறந்து கருவியைத் தொண்டையில் அழுத்தினார். ஏற்ற இறக்கமில்லாத ரீங்காரம், அதற்குள் சொற்கள்.

“போவாத. இங்கியே இரு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசலில் சென்னைக்குப் போகும் கார் காத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியை விட்டால், விசா நீட்டிப்புக்குக் காட்ட என்னிடம் வேறு ஒப்பந்தம் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

“என்னப்பா? புரியல,” என்றேன்.

இன்னும் நிதானமாக, எழுத்தெழுத்தாக, மறுபடி சொன்னார்.

“புரியலப்பா.”

என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். கருவியை டப்பாவில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லையாம். நான் கூப்பிட்டால் இப்போது அம்மாதான் பேசுகிறாள். ஊரில் இருப்பவர்களானால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பீர்கள். விசா தேதியைப் பார்த்துப் பார்த்து வாழ்கிறவர்களானால் ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் இருப்பீர்கள்.

அந்த ஞாயிறு பிற்பகல் லைப்சிக்கில் ஒரு பழைய கிடங்கில் வாசித்தேன். எதை ஊதினாலும் அந்த மூன்று சொற்களே வந்தன. கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெரியவர் அருகில் வந்து, “கடைசியில் உங்கள் மொழியில் ஏதோ சொன்னது போல் இருந்ததே?” என்றார். “இல்லை, காற்றுதான்,” என்றேன். ரசித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். என் வலது கால் இன்னும் மின்கருவியின் மிதியின் மேல் இருந்தது. கடைசியாக ஊதிய மூச்சை அந்த மிதிதான் திருப்பித் திருப்பி ஒலிக்கவைத்துக்கொண்டிருந்தது. காலை எடுத்தால் அறுந்துவிடும். நாற்காலிகளை மடக்கிக்கொண்டே வந்த பணியாளர், கிளம்பலாமா என்று சைகை காட்டினார். சரி என்று தலையசைத்தேன். கால் நகரவில்லை.