ஃபெல்லோ ஆனவளும் ஆகாதவளும்

போன வியாழக்கிழமை சித்தூரில், ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து டீ ஆறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையை இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கும். அதற்கு டீயே மேல்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக மட்டும்: திருப்பதியில் குழாயும் மோட்டாரும் விற்கும் ஒரு நிறுவனத்தில் கிரெடிட் மேனேஜர். எந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு சரக்கைக் கடனாகத் தரலாம், எத்தனை நாள் பொறுக்கலாம் என்று முடிவெடுக்கிற உத்தியோகம். எனக்குப் பொறுமை அதிகம் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை மறுத்ததில்லை…

எங்கள் தொழிலுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் படிப்படியாக கிரேடுகள். முதலில் அசோசியேட், அடுத்து மெம்பர், உச்சியில் ஃபெல்லோ. ஒவ்வொரு படிக்கும் தனி விண்ணப்பம். செய்த வேலையை விவரித்து எழுத வேண்டும், இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும், கடைசியில் வீடியோவில் நேர்காணல். ஃபெல்லோ ஆனால் சம்பளம் உயருமா? உயராது. பிறகு எதற்கு? ஐம்பது வயதில் ஒரு பெண்மணி, தன் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூட வேண்டும் என்று ஆசைப்படுவதற்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது.

விண்ணப்பித்தது நான் மட்டுமல்ல. என் தோழி ஹேமலதாவும். அவள் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் இதே வேலையில் இருக்கிறாள். நாங்கள் அசோசியேட் ஆனது சேர்ந்து. மெம்பர் ஆனதும் சேர்ந்து. ஆகவே ஃபெல்லோவுக்கும் சேர்ந்தே எழுதிப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திருப்பதிக்கு வருவாள், அல்லது நான் சித்தூருக்குப் போவேன். ஒருத்தி தேர்வாளர், இன்னொருத்தி விண்ணப்பதாரர் என்று மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொள்வோம்.

“டீலர் உங்க முன்னாடி உக்காந்து அழறாரு. இன்னா பண்ணுவீங்க?” என்பாள் ஹேமா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு.

“அவருடைய முந்தைய வரவுசெலவை ஆராய்ந்து, அதன் அடிப்படையில்—”

“நிறுத்துடி. மொதல்ல தண்ணி குடுப்பேன்னு சொல்லு. புக்கு மாதிரியே பேசிக்கினு இருந்தா எவன் பாஸ் பண்ணுவான்?”

சிரித்தேன். இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளே என்று உள்ளுக்குள் ஒரு முள்ளும் குத்தியது. அதைச் சிரிப்பால் மூடினேன் என்பதுதான் சரி.

ஒரு திங்கட்கிழமை மதியம் எனக்கு மின்னஞ்சல் வந்தது. என் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தார்களாம். நான் மெம்பர் கிரேடிலேயே தொடரலாமாம். மாடிப்படிக்கு வந்து ஹேமாவுக்கு போன் செய்தேன். பேசத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. நான் அழுது முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

“உனக்கு?” என்றேன்.

“எனக்கு இன்னும் ஒண்ணும் வரலடி. வந்தா மட்டும் இன்னா, இதே கதையாத்தான் இருக்கும்.”

எனக்கு உடனே மனம் லேசானது. அது எந்த வகை ஆறுதல் என்று அப்போது நான் திருப்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்… பார்க்கும்படி இல்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் விசாரித்தேன். “இன்னும் வரல” என்பாள். நான் தேற்றுவேன். ஆமாம், நான் அவளை! காத்திருப்பு மனிதரைப் பக்குவப்படுத்தும், வெற்றி வெறும் விபத்து, என்றெல்லாம் நீளமாகச் செய்தி அனுப்பினேன். நிறையப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. தோற்ற மறுநாளே தத்துவம் கைக்கு வந்துவிடும். அவள் எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவைப்பாள்.

வியாழக்கிழமை பங்காருபாளையத்தில் ஒரு கடைக்காரரைப் பார்க்கும் வேலை இருந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பும் வழிதானே சித்தூர்? சொல்லாமல் போய் நிற்போம் என்று தோன்றியது. போய் நின்றேன்.

ஹேமா அறையில் இல்லை. அங்கே உதவியாளராக இருக்கும் கலாவதி என்னை உட்காரவைத்து, டீ கொண்டுவந்தார். மேசையில் புதுப் பலகை. பித்தளை எழுத்து. ஹேமலதாவின் பெயர், கமா, பிறகு அந்த எழுத்துகள். ஃபெல்லோவுக்கு உரியவை.

கலாவதி என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

“அய்யோ… நீங்க வர்றதா போனே வரலியேம்மா. வந்திருந்தா எடுத்து உள்ள வெச்சிருப்பனே. போன தடவ நீங்க வந்தப்ப பீரோவுலதான் வெச்சேன்.” சொல்லிக்கொண்டே பலகையைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“அங்கயே வெச்சிடுங்க கலாவதி. படிச்சிட்டேன்.”

ஹேமா உள்ளே வந்தபோது, அவர் பலகையை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே போனார்.

ஹேமா பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

“எப்ப வந்துச்சு?” என்றேன்.

“உனக்கு வந்த அன்னிக்கேதான். காலைலயே. உனக்குச் சொல்லலாம்னு போனை எடுக்கறேன், நீயே கூப்பிடற. அழுதுக்கினு இருக்கற. நான் இன்னா பண்றது?”

“அன்னிக்கு சரி. அப்புறமா சொல்லியிருக்கலாமே?”

ஹேமா பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

“உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்டி.”

“எத வெச்சு அப்படி நெனச்ச?” குரலில் கொஞ்சம் கண்டிப்பு கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

“சொல்லட்டுமா? நான் மேனேஜர் ஆனப்ப நீ ரெண்டு மாசம் பேசல. கேட்டா ஆடிட்டுன்ன. எம் பொண்ணுக்கு மெடிக்கல் சீட்டு கெடச்சப்ப எல்லாரும் வந்தாங்க, உனக்கு மட்டும் ஜுரம். அடுத்த நாளு சந்திரகிரி கோட்டைல சொந்தக்காரங்களோட போட்டோ போட்டுக்கினு இருக்கற. ஜுரத்தோட கோட்ட ஏறினியா?”

இவற்றையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

“கோவமா இல்ல,” என்றாள். “நீ அப்படித்தான். கொஞ்ச நாள்ல சரியாயிடுவ. ஆனா இந்தத் தடவ நீயும் கேட்டு, உனக்குக் கெடைக்காம, எனக்குக் கெடச்சிருக்குது. அதான் பயந்துட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், ஒரு கிரேடுக்காகப் போயிடுமோன்னு.”

எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம். ஆள் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்பதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. முன்பு எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் பார்ப்போம். அதற்கேற்ப ஒரு வரம்பு போடுவோம். அதற்குமேல் ஒரு பெட்டி சரக்குகூடப் போகாது. ஹேமா என்னிடம் செய்ததும் அதுவே. என் தத்துவச் செய்திகளுக்குக் கை கூப்பிவிட்டு, என் பழைய நடத்தையை எடுத்துப் பார்த்தாள். இவளால் இவ்வளவுதான் தாங்க முடியும் என்று வரம்பு போட்டாள். தன் சந்தோஷத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டாள்.

மதிப்பீட்டில் ஒரு பிழை சொல்ல முடியுமா? முடியவில்லை. சங்கம் அவளுக்கு ஃபெல்லோ கொடுத்தது சரிதான் என்று முதல் முறையாக எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஃபெல்லோ கிடைக்காததில் அவமானம் இல்லை. அவள் மறைத்ததிலும் இல்லை. பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலகையை, தன் சொந்த அலுவலகத்திலேயே, நான் வரும் நாளில் பீரோவுக்குள் ஒளித்துவைக்கும் நிலைக்கு ஒருத்தியை நான் கொண்டுவந்திருக்கிறேன். கூசியது அங்கேதான். ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு நாம் சொல்லாமலே போய் உட்காருகிறோம். சந்தோஷத்துக்கு? பத்திரிகை வைத்துக் கூப்பிட்டாலும் ஜுரம் வந்துவிடுகிறது.

“இப்பச் சொல்லு,” என்றாள் ஹேமா. “எனக்குக் கெடச்சதுல உனக்கு சந்தோஷமா இல்லியா?”

சந்தோஷம்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது அந்த வார்த்தை. ஆனால் இதே வாயால் சொன்ன ஆடிட்டும் ஜுரமும் இப்போதுதானே பிடிபட்டன?

“இன்னும் இல்ல ஹேமா. வந்துரும். கொஞ்சம் டைம் குடு.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அசல் தேர்வாளர் முகத்தோடு கேட்டாள்: “எத்தினி நாள் வேணும் மேடம்?”

“முப்பது.”

“வழக்கமா எல்லாருக்கும் குடுக்கறதுதான். தர்றேன். தாண்டினா சரக்கு நின்னுடும்.” சிரித்தாள். எனக்குக் கண் கலங்கியது. அவள் பார்க்காததுபோல எழுந்துபோய் வேறு டீ சொன்னாள்.

திருப்பதிக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். தனியாக அவளிடம் சொல்லும் வாழ்த்து போதாது. நான் பேசாமல் இருந்த மாதங்களையும் வராமல் நின்ற நாளையும் ஊரே பார்த்திருக்கிறது. எனவே ஊரறியச் சொல்வதுதான் முறை.

சித்தூரைச் சேர்ந்த என் தோழி ஹேமலதா, கிரெடிட் மேனேஜ்மென்டில் ஃபெல்லோ ஆகிவிட்டாள்.

இது முதல் தவணை.