நூல் வரும் எண்ணெய்

போன வாரம் சிம்மக்கல்லில் என் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். மெக்கானிக் டப்பாவின் சீலை உடைத்துக் கவிழ்த்தார். டப்பா வாயில் ஒட்டியிருந்த சொட்டை என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னைக் கேட்காமலே தொட்டு, ஒட்டி, மெல்லப் பிரிந்தன.

"என்ன சார், பாகுப் பதம் பாக்குறீங்களா?" என்றார்.

சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வாடை மூக்கில் ஏறியதும் விரல்களை அவசரமாகத் துணியில் துடைத்துக்கொண்டேன். மல்லிகை வாசனை பட்டால் காதல் ஞாபகம் வருகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். எனக்கு எஞ்சின் ஆயில் வாசனையில் பயம் வருகிறது. அவரவர் வாங்கி வந்த வரம்.

வேதியியல் பட்டத்தோடு நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது, ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ஆயில் கம்பெனியில். தகரக் கூரை, இரண்டு பெரிய கொப்பரை, பத்துப் பேர். என் பதவி 'கெமிஸ்ட்'. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள லாயக்கான பதவி; மற்றபடி கொப்பரை பக்கத்தில் நின்று வியர்ப்பதுதான் வேலை.

எண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடேறினால் தண்ணியாக இளகிவிடும். அதைத் தடுக்கத்தான் பாலிமர் சேர்ப்பது. ரப்பர் கட்டிகளாக வரும். அரிவாளால் துண்டு போட்டு, சூடான எண்ணெயில் நாள் முழுக்கக் கரைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் சுருண்டு கிடக்கும் தெருநாய், வெயில் ஏறியதும் கைகாலை நீட்டி வழியை அடைத்துப் படுக்கிறதல்லவா, பாலிமரும் அப்படித்தான். குளிரில் சுருண்டிருக்கும், சூட்டில் விரிந்து, எண்ணெயை இளக விடாமல் பிடித்துக்கொள்ளும். நான் கல்லூரியில் படித்ததில் இன்றைக்கும் மிச்சமிருப்பது இந்த நாய் ஒன்றுதான்.

ஆனால் சிம்மக்கல் கடைகளில் நாய்க்கதை எடுபடாது. அங்கே ஒரே பரீட்சை. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து விரிப்பார்கள். நூல் வந்தால் நல்ல எண்ணெய். வராவிட்டால், ஓரமாகப் போ. எங்கள் எண்ணெயில் வரவில்லை. முதலாளி ஒருநாள் என் அறைக்குள் வந்தார்.

"தம்பி, நம்ம ஆயில்ல நூலே வரலைங்கிறான். மானம் போகுது."

"நூலுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்ல சார்."

"இருக்கட்டும். நாளைக்கு நூல் வரணும். வரலைன்னா நீயும் வர வேணாம்."

நான் கொள்கைக்காக உயிரை விடுகிற ஜாதி இல்லை. சைக்கிள் செயின் ஆயிலில் பிசுபிசுப்புக்காகச் சேர்க்கும் வேறொரு பாலிமர் கிடங்கில் இருந்தது. அதன் மூலக்கூறுச் சங்கிலி மகா நீளம்; நூல் வருவது அதனால்தான். வழக்கமான ரப்பரைக் குறைத்துவிட்டு, இதை அள்ளி எஞ்சின் ஆயிலில் போட்டேன். இதுவே கெட்டியாக்கிவிடுகிறதே என்று, கனமான மூல எண்ணெயையும் குறைத்தேன். நூல் வந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, கைமுழம். முதலாளி நூல் விட்ட விரல்களை விரித்துக்கொண்டே ஷெட்டைச் சுற்றிவந்தார். நான் அன்று ஓர் அங்குலம் வளர்ந்திருந்தேன்.

அந்த வளர்த்தியில்தான் முத்துக்காளை அண்ணனிடம் வாயைக் கொடுத்தேன். தினமும் நான் வேலைக்குப் போய்வந்த மினிபஸ் அவருடையது, ஓட்டுவதும் அவரே. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அந்த வீட்டில் ஒருவர் பேரில் பதிவான முதல் சொத்து அந்த வண்டிதான். எனக்கென்று எஞ்சின் பெட்டி ஓரம் ஒரு இடம் போட்டு வைப்பார்.

"அண்ணே, நானே போட்ட ஆயில். ஊத்திப் பாருங்க."

"மாப்ள சொன்னா விஷத்தையும் ஊத்துவேன்" என்றார்.

புது எண்ணெயில் முதல் டின் வெளியே போனது அவர் வண்டிக்குத்தான்.

முன்னாலேயே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சட்னி அரைத்து ஓய்வு பெற்ற ஒரு மிக்ஸி எங்களிடம் இருந்தது. அதில் எண்ணெயை அரை மணி நேரம் ஓட்டினால், எஞ்சினுக்குள் அது என்ன பாடுபடும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அவசரத்தில் விட்டதை இரண்டு நாள் கழித்துச் செய்தேன். மூடியைத் திறந்து விரலை விட்டேன். நூல் இல்லை. சொட்டு தண்ணீர் மாதிரி ஓடியது. நீளமான சங்கிலிதான் முதலில் அறும். புத்தகத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியபோது, என் காலடியில் ஓடிய எஞ்சின் சத்தம் முதன்முறையாகக் காதில் விழுந்தது. பாதைக்கு நடுவே ஒரு கண்மாய்க் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். அந்த இடத்தில், இளகிப்போன எண்ணெயால் இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் பிடித்து, சக்கரம் இறுகி, வண்டி திரும்பினால்? பின்னால் களையெடுக்கப் போகும் பெண்கள். அவர்கள் மடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பியைப் பிடித்தால் பஸ் நிற்காது என்பது வேதியியல் தெரியாதவனுக்கும் தெரியும்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் வேலை போகும், அந்த எஞ்சின் பெட்டி மரியாதை போகும். இதைக் கூட்டிக் கழித்துக்கொண்டே நாலு நாள் அதே வண்டியில் போய்வந்தேன். "ஆயிலை மாத்திப்புடுங்கண்ணே" என்று ஒருமுறை முனகினேன். "ஊத்தி இன்னும் வாரம் ஆகல, எதுக்கு மாப்ள?" என்றார். கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டேன். தூக்கத்தில் மிக்ஸி ஓடியது.

ஐந்தாம் நாள் காலை, கண்மாய்க்குச் சற்று முன்னால், எஞ்சினிலிருந்து 'டக் டக்'கென்று ஒரு தட்டல். ஸ்டியரிங் பக்கத்தில், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது.

"அது எப்பவாச்சும் கண்ணடிக்கும்" என்றார் அண்ணன்.

"நிறுத்துங்கண்ணே!"

நான் போட்ட சத்தத்தில் பிரேக் தானாகப் போட்டுக்கொண்டதோ என்னவோ, வண்டி கரை ஏறாமல் நின்றது.

"ஏன்யா, வயித்தக் கலக்குச்சுன்னா ஏறுமுன்னயே போய்ட்டு வரக் கூடாதா?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்க, பஸ்ஸே சிரித்தது.

கீழே இறங்கினோம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ரப்பர், முதலாளி, மிக்ஸி, நாலு நாள். அவர் ஆயில் அளவுக் கம்பியை உருவி, சூட்டோடு ஒரு சொட்டை விரலில் வாங்கி விரித்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி விரித்தார். வேட்டியில் துடைத்தார்.

"தெரிஞ்சேவா நாலு நாளா இதுல வந்த?"

"பயந்துக்கிட்டேதாண்ணே வந்தேன்."

பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நீ பயந்துக்கிட்டாச்சும் வந்த. அதுகளுக்கு அந்தப் பயத்தக்கூடக் குடுக்கலயேடா."

அன்று எல்லோரும் நடந்தே போனார்கள். சிரித்த அக்காவும்தான். அண்ணன் ஊருக்குள் போய் வேறு ஆயில் வாங்கிவந்து, பழையதைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டு ஊற்றினார். எஞ்சின் பிழைத்தது. ஆனால் அந்த 'டக்' மட்டும் முழுதாகப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விதான், நான் அந்த வண்டியில் அப்புறம் ஏறவில்லை. கிடங்கிலிருந்த மற்ற பேரல்களில் 'செயின் ஆயில்' என்று நானே எழுதி ஒட்டினேன். முதலாளி, சொன்ன சொல்லை அதே வாரத்தில் காப்பாற்றினார்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். மிக்ஸி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. விரலை விரித்து நூல் பார்த்த கடைக்காரர்களும் இல்லை. இப்போது எல்லோரும் டப்பாவின் சீலைப் பார்த்து வாங்குகிறார்கள். மினிபஸ்ஸை அடுத்த வருஷமே விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் விற்றார், அந்தத் தட்டல்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

கேட்டிருக்கலாம். சில வருஷம் முன்பு ஒத்தக்கடை டீக்கடையில் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே எழுந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க சார்" என்றார்.