மடக்கிய சீட்டில் ஓர் ஆள்

முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் மாவு மூட்டை. சுனாமி முடிந்து நாலாம் வருஷம் என் மகன் வாங்கிய பழைய காரைத்தான் சொல்கிறேன். ஸ்டேஷன் வேகனாம். டிக்கிக்கும் கூரை போட்டு ஜன்னல் வைத்திருந்தார்கள். மூட்டைகள் வேடிக்கை பார்க்க வேண்டுமே. அந்த இடத்துக்காக ஆள் உட்காரும் இடத்தைக் குறுக்கியிருந்தார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். குடும்ப வண்டி என்றான். எந்தக் குடும்பத்தை அளவெடுத்தார்களோ.

சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த பேத்திக்கு வளைகாப்பு வந்தது. செம்மண்டலத்தில் எங்கள் வாசலில் இருபத்தொரு சீர்த்தட்டு. மருமகள் பின் சீட்டை முழுசாக மடக்கச் சொன்னாள்.

“மடக்கினாத்தான் தட்டெல்லாம் புடிக்கும் அத்த. ஒங்களுக்குத்தான் எடமில்ல. ஃபோட்டோ வரும், பாத்துக்கலாம்.”

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தாலி இல்லாதவள் வளைகாப்புக்கு வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரைச் சொல்ல வைத்தார்கள். பேத்தியோ முதல் நாள் போனில், “நீ வராம நான் மணையில ஒக்கார மாட்டேன் ஆயா” என்றிருந்தாள்.

“நான் பஸ்ல வரேன்.”

“முட்டி வலின்னீங்களே.”

“முட்டிய வூட்ல வச்சிட்டு வரேன்.”

மகன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் வண்டியை விற்ற புரோக்கர் காட்டியது மறக்கவில்லை. அந்தச் சீட்டு இரண்டு துண்டு. பெரியது தனியாக மடங்கும், சின்னது தனியாக. தட்டு ஏற்றும் முன்பே சின்னதைப் பிடித்துத் தூக்கினேன். டக்கென்று நிமிர்ந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“ஒத்த ஆளுக்கு எடம் இருக்குடா. நீங்க வைக்கல, காரு செஞ்சவன் வச்சிருக்கான்.”

மகன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினான். வளையல் தட்டின் மேல் எதையும் வைக்க முடியாது. மருமகள் மடியில் பூக்கூடை. மீதி இருந்த மடி என்னுடையதுதான். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தக்கூட எனக்குக் கை இல்லை.

சிதம்பரத்தில் மருமகள் முதலில் இறங்கி வந்து ஜன்னலில் கையை நீட்டினாள்.

“தட்டக் குடுங்க. வெயிலு ஜாஸ்தி, நீங்க கார்லயே இருங்க.”

பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்க, பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி செய்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியும் பாதிதான் இறங்கும். தட்டு அதில் நுழையாது. சாய்த்தால் அத்தனையும் கண்ணாடி வளையல். அன்றைக்குப் பார்த்து ஒரு வளையல் உடைந்தால் ஊர் என்ன பேசும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும்.

“கதவத் தொறந்தாத்தான குடுக்க முடியும்” என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறந்தாள். முதலில் என் கால் இறங்கியது. தட்டை விடாமல் அவளைத் தாண்டி நடந்தேன்.

உள்ளே பேத்தி மணைக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“ஏன் ஆயா லேட்டு?”

“ஒங்கம்மா கதவத் தொறக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருந்தா. ஒக்காரு.”