மூன்று பேர் மேசை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெரிந்த விஷயத்தை அடுத்தவருக்குப் புரியவைத்துவிட்டால் தலைகால் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில், எடை மெஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் டிசைன் என்ஜினியராக இருந்தேன். அங்கேயே அக்கா போர்டுகளுக்கு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். அவள் மேசையில் இன்னும் இரண்டு பெண்கள். மூவரும் குருபரப்பள்ளியில் ஏறி, கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வருவார்கள்.

அப்போது புது சாஃப்ட்வேர் வந்திருந்தது. சர்க்யூட் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதுவே சர்க்யூட்டை அமைத்துவிடும். என் டிசைனுக்கு பெருக்கல் போடும் மல்டிப்ளையர்கள் மூன்றைப் போட்டுவிட்டு, சிப்பில் இடம் போதாது என்றது. ஒரே மல்டிப்ளையர் மூன்று பெருக்கல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்படி மாற்றி எழுதினேன். அடங்கிவிட்டது.

மேனேஜருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. "மூணு செய்யற வேலைக்கு ஒண்ணு எப்படிய்யா போதும்?" என்றார்.

"எங்க அக்கா டேபிளையே எடுத்துக்குங்க சார். ஒருத்தர் வேலை செய்யறப்ப மத்த ரெண்டு பேரும் போர்டு கைக்கு வர்ற வரைக்கும் சும்மாத்தானே இருக்காங்க? ஒருத்தரே மூணையும் செஞ்சா கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான்."

அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. ஒருத்தி கையில் ஒரு போர்டு இருந்தால் அடுத்தவள் கையில் வேறொன்று இருக்கும். உதாரணம் அழகாக வரவேண்டும் என்று அடித்துவிட்டேன். அவர் தலையாட்டினார். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த மாதம் அந்த இருவரையும் நிறுத்திவிட்டார்கள். என் அக்கா என்பதால் அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலை போன இருவரும் அவளோடு பேச்சை விட்டார்கள். தம்பியை வைத்து நீதான் எங்களைக் கிளப்பினாய் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாளாம்.

அக்கா எனக்குச் சோறு போட்டபடி, "எங்களப் பத்தி மேனேஜர்கிட்ட ஏதாச்சும் சொன்னியாடா?" என்றாள்.

"சர்க்யூட்டப் பத்தித்தான்க்கா பேசினேன்."

இது பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் நம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இருவர் வீட்டுக்கும் தனியாக நடந்து போய், "எந்தம்பி மேல சத்தியமா அவன் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.